வளைவுக்கு அப்பால் போகாத தேர்

வேட்பாளர் எல்லா மேடைகளிலும் தன்னை லயத்துப் பிள்ளை என்றே சொல்லிக்கொண்டார். அதில் பொய் இல்லை. லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்தில்தான் அவர் பிறந்தார். அவருடைய தாய் கல்யாணத்துக்கு முன்பு கொழுந்து பறித்தவர். அவர் சொல்லாமல் விட்டது மிச்சத்தை. தாத்தா அந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. அப்பா தொழிற்சங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அப்பா இறந்த பிறகு சித்தப்பா கோயில் கமிட்டியின் தலைவரானார். மூன்று தலைமுறையாக அந்த மலையில் ஒரு கல்யாணமோ வேலைநிறுத்தமோ அந்த வீட்டைக் கேட்காமல் நடந்ததில்லை.

இதையெல்லாம் நான் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. பதுளை பஜாரில் எங்கள் குடும்பத்துப் புடவைக் கடைக்குத் தீபாவளித் துணி எடுக்க வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொழும்பில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் நெடுங்காலமாகப் பதுளை நிருபர். தேர்தல் அறிவித்ததும் ஆசிரியர் பீடத்திலிருந்து கேட்டது ஒன்றுதான்: அவருடைய பின்னணி, அவருடைய திட்டம், அரைப் பக்கம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவருடைய தேர்தல் அலுவலகம் இருந்தது. சுவரெல்லாம் அவருடைய முகம், முகத்துக்குக் கீழே வாக்குச்சீட்டில் அவருக்குரிய விருப்பு இலக்கம். நான் போனபோது அவர் சட்டத்தரணிக்குரிய கறுப்புக் கால்சட்டையும் தோட்டத்துக்குப் போவதற்கான வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தார். எந்தப் பக்கம் அழைத்தாலும் அரை உடை மாற்றினால் போதும்.

திட்டத்துக்கு 'அரசாங்கத்தில் சமத்துவம்' என்று பெயர். மாவட்டக் கச்சேரியிலும் பிரதேச செயலகத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தமிழ் பேசும் உத்தியோகத்தர். பெருந்தோட்டப் பிள்ளைகளுக்கு அரச நியமனங்களில் உரிய பங்கு. தோட்டப் பாதைகளைப் பிரதேச சபையே பராமரிப்பது. தன்னுடைய அலுவலகத்தில் பாதிப் பேர் பெண்கள். வாசித்துப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்கம்மா கச்சேரிக்குப் போனா என்னா சொல்லுவாங்க தெரியுமா அண்ணே?" என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்க, தமிழ் தெரிஞ்ச மாத்தயா வருவாரு. நான் பொறந்ததுல இருந்து அந்த மாத்தயா வந்துக்கிட்டுத்தான் இருக்காரு. இன்னும் வந்து சேரல."

நன்றாகச் சொன்னார். பல மேடைகளில் சொல்லிப் பழகிய தெளிவு அதில் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெண்ணைக் காட்டி, "திட்டம் பூரா தங்கச்சி எழுதுனது. நான் வாசிக்கிறதோட சரி," என்று சிரித்தார். அதுவும் பொய் இல்லை.

அந்தப் பெண் அதே தோட்டத்தின் கீழ் லயத்தைச் சேர்ந்தவர். லுணுகலைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. பாடசாலை விட்டதும் பஸ் ஏறி வந்து வேட்பாளரின் மகளிர் அணிக்கு வேலை செய்தார். பேட்டி முடிந்து நான் எழுந்தபோது அவர் வேட்பாளரைக் கேட்டார்:

"சேர், தேர் விஷயம் சித்தப்பாகிட்ட பேசிட்டீங்களா?"

"பேசலாம் தங்கச்சி."

"திருவிழா அடுத்த கெழமை."

"பேசலாம்னு சொல்றேன்ல."

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது என்ன தேர் என்று கேட்டேன். ஆசிரியை சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர் திருவிழா அன்று லயம் லயமாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர் தட்டோடு வந்து தேங்காய் உடைப்பார். கீழ் லயத்துக்கு மட்டும் அது போவதில்லை. மலைப் பாதை இறங்கித் திரும்புகிற வளைவில் நின்றுவிடும். கீழ் லயத்து ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஏறி வரவேண்டும். அங்கே நின்று தேங்காய் கொடுத்து, உடைத்ததை வாங்கிக்கொண்டு இறங்கவேண்டும். கேட்டால், பாதை சரியில்லை, தேர் சரிந்துவிடும் என்பார்கள். இது அந்தத் தோட்டத்தின் வழக்கம்.

கீழ் லயத்தில் இருப்பவர்கள் தப்பு மேளம் அடிக்கிறவர்கள், சாவுக்குக் குழி வெட்டுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் இப்போது ஆசிரியைகளும் ஒரு தாதியும் உண்டு. சாதியின் பெயரை அந்த மலையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "கீழ் லயத்து ஆளு" என்றால் போதும்.

"இந்த வருசம் பாதை சரியாயிருச்சுங்கண்ணே," என்றார் ஆசிரியை. "சேர்தான் சீமெந்து எடுத்துக் குடுத்தாரு. எங்க ஆளுங்க ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா நின்னு கொங்கிரீட் போட்டாங்க. இனிமே பாதையைச் சொல்ல முடியாது. அதனாலதான் நான் இவருக்கு வேலை செய்றேன்."

அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாராளுமன்றமும் நியமனமும் பிறகு. முதலில் அம்மன் தன் அப்பாவின் வாசலுக்கு வரவேண்டும்.

அந்த வார இறுதியில் நான் தோட்டத்துக்குப் போனேன். கோயில் கமிட்டிக் கூட்டம் கோயில் மண்டபத்திலேயே நடந்தது. மேல் லயத்து ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ் லயத்திலிருந்து ஆசிரியையும் அவருடைய அப்பாவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். அப்பாதான் தப்புக் குழுவின் தலைவர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. உட்காரக் கூடாது என்றும் சொல்லவில்லை. அவர்கள் தூணோரம் நின்றார்கள். வேட்பாளர் நடுவில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில்.

ஆசிரியை கேட்டார். பாதை போட்டாகிவிட்டது, தேர் கீழ் லயத்துக்கு வரவேண்டும் என்றார். சுருக்கமாகத்தான் கேட்டார்.

சித்தப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாதை நல்லா இருக்கு. யாரு இல்லைன்னா? வளைவுதான் சரியில்ல. தேரு திரும்பாது," என்றார்.

"கொழுந்து லொறி தெனம் அந்த வளைவுலதானே திரும்புது," என்றார் கீழ் லயத்து ஆள் ஒருவர்.

"ஏன்டா, கொழுந்து லொறியும் அம்மனும் ஒண்ணா?"

"லொறி பெருசுன்னுதான் சொல்றேன்."

பாயில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களை மற்றவர்கள் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. ஒரு நடுத்தர வயதுக்காரர் எழுந்தார். "டீச்சரம்மா பதுளையில ஆபீஸ்ல உக்காந்ததுல இருந்து இங்க ஒரே ரூல்தான். நாளைக்குப் பூசை தட்டையும் நீங்களே புடிங்க. நாங்க தப்பு அடிக்கிறோம்."

"அடிங்க," என்றார் ஆசிரியையின் அப்பா. அந்தக் கூட்டத்தில் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

எல்லோரும் வேட்பாளரைப் பார்த்தார்கள். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு, மேடையில் பேசும் குரலில் ஆரம்பித்தார். கோயில் வேறு, அரசியல் வேறு என்றார். ஊர் ஒற்றுமைதான் பெரிது என்றார். தேர்தல் நேரத்தில் நாம் பிரிந்து நின்றால் யாருக்கு லாபம் என்று கேட்டார். "தேர்தல் முடியட்டும். நானே உக்காந்து பேசி முடிச்சு வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க."

"பொறுங்கன்னுதானே சேர் கச்சேரியிலயும் சொல்றாங்க," என்றார் ஆசிரியை.

வேட்பாளர் முகம் மாறவில்லை. அவருக்கு அது கேட்காததுபோல் சித்தப்பா பக்கம் திரும்பி, அன்னதானத்துக்கு யார் யார் பொறுப்பு என்று கேட்டார். அரிசி, பருப்பு, விறகு என்று பேச்சு ஓடியது. தூணோரம் நின்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார்கள்.

திரும்பும்போது வேட்பாளர் என்னைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடியை உயர்த்திவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க படிச்சவர். மேல் லயத்துல ஓட்டு எத்தனை, கீழ எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். நான் செயிச்சாத்தானே ஏதாச்சும் செய்ய முடியும்?"

"சிங்கள வேட்பாளர் ஒருத்தர் தமிழ் உத்தியோகத்தர் விஷயத்துல இதையே சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற," என்றார். தொலைபேசியை எடுத்தார். பதுளை வரை அதில் பேசிக்கொண்டே வந்தார்.

அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அவருடைய திட்டத்தை முழுதாகப் போட்டிருந்தார்கள். தேர் பற்றிய பத்தியை எடுத்துவிட்டார்கள். இடம் போதவில்லையாம்.

திருவிழாவுக்கு நான் செய்தியாளனாகப் போகவில்லை. ஆசிரியை அழைத்திருந்தார், போனேன். பின்னேரம் தேர் புறப்பட்டது. அந்தக் கோயிலில் ஒரு விதி உண்டு. அதைச் சொல்லாமல் நடந்தது விளங்காது. தப்பு முன்னே போகாமல் தேர் நகரக் கூடாது. போகும்போதும் அப்படி, திரும்பும்போதும் அப்படி. தப்பு நின்றால் அம்மன் நிற்பாள். தேரைத் தொட்டு இழுக்கிறவர்கள் மேல் லயத்தார். தப்பு அடிக்கிறவர்கள் கீழ் லயத்தார். இத்தனை தலைமுறையாக இதில் யாருக்கும் ஒரு சிக்கலும் வரவில்லை. அதனால் இதில் சிக்கல் வரலாம் என்று கமிட்டியில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேட்பாளர் வெறும் மேலுடன், இடுப்பில் பட்டுச் சால்வை கட்டி, வடத்தின் முன்வரிசையில் நடந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் பின்னோக்கி நடந்தபடியே படம் பிடித்தார்கள். மேல் லய வாசல்களில் தேர் நின்று நின்று போனது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கற்பூரப் புகை. கீழே சமவெளிப் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

வளைவு வந்தது. வடம் பிடித்தவர்கள் பழக்கப்படி வேகத்தைக் குறைத்தார்கள். தேர் நின்றது. தப்புக்காரர்கள் நிற்கவில்லை.

அவர்கள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதே அடியில் அடித்துக்கொண்டே வளைவைத் திரும்பி, புதுக் கொங்கிரீட் பாதையில் இறங்கினார்கள். ஆசிரியையின் அப்பா முன்னால் போனார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே லயத்து வாசல்களில் கோலம் போட்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு தட்டு வைத்திருந்தது தெரிந்தது. இந்த முறை தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் மேலே வரவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு மேல் லயத்தாருக்கு விளங்கவில்லை. தப்பு திரும்பி வரும் என்று நின்றார்கள். தப்புச் சத்தம் கீழே போய், கடைசி வாசலில் நிலைத்து, அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது.

"ஆள் அனுப்பிக் கூப்புடு," என்றார் சித்தப்பா.

ஒருவர் இறங்கிப் போய்த் திரும்பி வந்தார். "தேரு வந்தா தப்பு வரும்ங்கிறாங்க."

"செருப்பால அடிச்சு இழுத்துட்டு வாங்கடா," என்று ஒரு குரல். யாரும் அசையவில்லை. அடுத்த சாவுக்குக் குழி வெட்டுவது யார் என்று அவர்களுக்கும் தெரியும்.

தேர் நின்ற இடத்திலிருந்து கீழ் லயத்து முதல் வாசல் ஒரு கூப்பிடு தூரம்தான். வழி வழுவழுப்பாக, அகலமாக இருந்தது. தேரை முன்னே தள்ளினால் கீழ் லயம். பின்னே இழுக்கத் தப்பு மேளம் இல்லை. வடத்தைப் பிடித்திருந்தவர்களின் கைகள் சிவந்திருந்தன. பூசகர் குடையைப் பார்த்தார். மழைத் துளி விழ ஆரம்பித்தது.

நான் வேட்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இழுங்க" என்று சொல்லி வடத்தை முன்னே இழுத்திருந்தால், படம் பிடிக்கிறவர்கள் முன்னால் சித்தப்பா அவரைத் தடுத்திருக்கமாட்டார். இரண்டு பக்கமும் அதற்காகவே காத்திருந்தமாதிரி எனக்குப் பட்டது. மேல் லயத்து இளைஞர்கள் சிலர் உண்மையிலேயே வடத்தை முன்பக்கமாகத்தான் பிடித்திருந்தார்கள்.

அவர் இடுப்பிலிருந்து தொலைபேசியை எடுத்தார். லுணுகலை பஜாரில் நின்ற தன் பிரசார வேனை வரச் சொன்னார்.

வேன் வரும்வரை எல்லோரும் மழையில் நின்றோம். அம்மனுக்கு ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். வேன் வந்ததும் அதைத் தேருக்கு முன்னால், கோயில் பக்கம் பார்க்க நிறுத்தச் சொன்னார். "தப்புச் சத்தம் போடு," என்றார் சாரதியிடம். சாரதியிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வேட்பாளரின் தேர்தல் பாட்டு. அது தப்பு அடியோடுதான் ஆரம்பிக்கும். கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்துப் பதிவு செய்தது. அதைப் போட்டார்கள். தப்பு அடித்தது. "சரி, இழுங்க," என்றார் வேட்பாளர். தேர் பின்னே திரும்பியது.

தப்பு அடி முடிந்ததும் பாட்டு வந்தது. சமத்துவம் என்ற சொல்லும் அவருடைய விருப்பு இலக்கமும் மாறி மாறி வருகிற பாட்டு. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சாரதி முயன்றார். நிறுத்தினால் தேர் நிற்கவேண்டும். "ஓடட்டும் விடு," என்றார் சித்தப்பா. மாரியம்மன் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து, தேர்தல் பாட்டுக்குப் பின்னால் கோயில் போய்ச் சேர்ந்தாள். பெண்கள் சிலர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். சிரித்தார்களா, அழுதார்களா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நான் கீழே இறங்கினேன். தப்பு ஓய்ந்திருந்தது. கோலம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. ஆசிரியை வாசலில் நின்று தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தார்.

"பாட்டு நல்லா கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"நான் எழுதுன பாட்டுதாங்கண்ணே," என்றார்.

இதை நான் நான்கு வரிச் செய்தியாக அனுப்பினேன். தேர் எங்கே நின்றது, எப்படித் திரும்பியது, அவ்வளவுதான். இந்த முறை இடம் கிடைத்தது. காலையிலேயே வேட்பாளர் அழைத்தார்.

"அண்ணே, நீங்களும் நம்ம ஆளுதானே. இது தேவையா?"

"எழுதினதுல பிழை இருந்தாச் சொல்லுங்க. திருத்தம் போடுறேன்."

"பிழை இருந்தா நான் ஏன் கவலைப்படுறேன்?"

ஆசிரியை அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தினார். அவருடைய திட்டம் அவர் எழுதியபடியே மேடைகளில் வாசிக்கப்பட்டது. வேட்பாளர் வென்றார். கச்சேரியில் தமிழ் உத்தியோகத்தர் ஒருவரைப் போட வைத்தார் என்பதையும் எழுதவேண்டும், போட வைத்தார். தமிழ் தெரிந்த மாத்தயா வந்து சேர்ந்தார். பதுளையில் அதற்காக அவரைப் பாராட்டி ஒரு கூட்டமும் நடந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கீழ் லயத்துக்கு வந்தார். என்னையும் அழைத்து வந்திருந்தார். நல்ல செய்தி ஒன்று எழுதத் தருவதாகச் சொன்னார். கதிரை போட்டார்கள், உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தார்கள், மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கீழ் லயத்துக்கென்றே தன் செலவில் ஒரு தேர் செய்து தருவதாகவும், சின்னதாக ஒரு கோயில் கட்டித் தருவதாகவும், திருவிழாவும் தனியாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"இனிமே நீங்க யாருகிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல. உங்களுக்குன்னு சொந்தமா ஒரு தேர். இதைவிட என்னா சமத்துவம் வேணும்?"

இளைஞர் ஒருவர் முதலில் வாயைத் திறந்தார். ஆசிரியையின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "வந்ததை வாங்கிக்கலாமே மாமா. எத்தனை வருசத்துக்கு அந்த வளைவையே பாத்துக்கிட்டு நிப்போம்?" இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியை கேட்டார்: "அந்தத் தேருக்கு வடம் புடிக்க நீங்க வருவீங்களா சேர்? பட்டுச் சால்வை கட்டிக்கிட்டு?"

"வாழ்த்து சொல்ல கட்டாயம் வருவேன் தங்கச்சி."

"வடம் புடிக்கங்கிறேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அந்தக் கோயில் பிள்ளையாச்சே. ரெண்டு எடத்துல எப்படி?"

"அப்ப எங்களுக்கும் அந்தக் கோயில்தான்."

"வீம்பு புடிக்காதம்மா. நல்லதுக்குச் சொல்றேன்."

"நாங்களும் நல்லதுக்குத்தான் கொங்கிரீட் போட்டோம்."

அவர் எழுந்து போனார். போகும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார், தப்புக் குழுத் தலைவருக்கும். வாகனம் வளைவில் ஏறி மறைந்தது. பிறகு அந்த இளைஞர், "உங்க வீம்புக்கு நாங்க எல்லாரும் தெண்டம்," என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள்.

இந்த வருடத் திருவிழா நெருங்குகிறது. தப்பு அடிக்க வெளித் தோட்டங்களில் கமிட்டி ஆள் கேட்டது. எங்கும் கிடைக்கவில்லை, விஷயம் எல்லாத் தோட்டங்களுக்கும் தெரிந்துபோயிருக்கிறது. போன வாரம் சித்தப்பா வெற்றிலை பாக்கோடு ஆள் அனுப்பி, பழசை மறந்து தப்பைக் கொண்டு வரும்படி ஆசிரியையின் அப்பாவிடம் சொல்லச் சொன்னார். அவர் வெற்றிலையைத் தொடவில்லை.

"தேரு எது வரைக்கும் போவும்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.